வீட்டில் கிடப்பதை வைத்தே கற்றல் விளையாட்டுகள்: ராமநாதபுரம் கடற்கரைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

சின்னப் பிள்ளைகளுக்கான கற்றல் விளையாட்டு என்று தேடிப் பார்த்தால் வருகிற வீடியோக்களில் பாதிக்கு மேல் நமக்கு உதவாது. ஃபெல்ட் துணி வேண்டும், பாம்பாம் உருண்டை வேண்டும், வளைகிற வண்ணக் கம்பி வேண்டும் என்பார்கள். உச்சிப்புளியில் எந்தக் கடையில் போய்க் கேட்பது? ஆன்லைனில் மரப்பெட்டி வாங்கலாம் என்றால் விலை ஆயிரத்தைத் தாண்டுகிறது. அதில் இருப்பதும் ஆப்பிள், பனிமனிதன், ரயில். நம் வீட்டுப் பிள்ளைக்கு ஆப்பிளைவிடக் கணவாய் நன்றாகத் தெரியும்.

அங்கன்வாடி அக்கா, வீட்டு அப்பத்தா, பக்கத்து வீட்டு ராத்தா என்று ஆளாளுக்குக் கேட்டு, செய்து பார்த்து, தேறியதை மட்டும் இங்கே வரிசையாகத் தருகிறேன். 3 முதல் 6 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எந்தக் கடற்கரை ஊரிலும் செய்யலாம். முதல் நான்கு படிகளைத் தாண்டிக் குதித்து நேரே விளையாட்டுக்குப் போகாதீர்கள். சிக்கல் வருவதெல்லாம் அங்கேதான்.

1. எதைப் பொறுக்கக் கூடாது

கரையில் கிடக்கிறதே என்று எல்லாவற்றையும் எடுத்துவிட முடியாது. பவளப்பாறைத் துண்டைத் தொடவே வேண்டாம். செத்து வெளுத்து ஒதுங்கியதாக இருந்தாலும் கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளம் இருக்கிறது. அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். கடல் குதிரை, கடல் விசிறி, கடல் அட்டை எல்லாம் பாதுகாக்கப்பட்ட இனங்கள்தான். சங்கு வகைகளிலும் சில அந்தப் பட்டியலில் வருகின்றன. எது வரும், எது வராது என்று நம்மால் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் சாதாரண மட்டிச் சிப்பியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், விளையாட்டுக்கு அதுவே தாராளம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா. படகில் போகும் அப்பாவிடமோ மாமாவிடமோ "பிள்ளைக்கு அங்கிருந்து ஏதாவது கொண்டு வாங்க" என்று சொல்லிவிடாதீர்கள்.

கூம்பு மாதிரி வழவழப்பான, கோலம் போட்டது போன்ற சங்கு அழகாக இருக்கும். உள்ளே உயிர் இருந்தால் அது விஷ ஊசியால் குத்தும். பிள்ளை கையில் எடுக்கும் முன் நீங்கள் எடுத்துப் பாருங்கள் என்றுகூட நான் சொல்ல மாட்டேன். அந்த வடிவத்தையே விட்டுவிடுங்கள்.

விதைகளில் குன்றிமணி கூடாது. சிவப்பும் கறுப்புமாகப் பிள்ளையார் கண்ணுக்கு வைப்போமே, அதுதான். மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு, அரளி விதைகளும் அப்படியே. புளியங்கொட்டை, பனங்கொட்டை போதும்.

மீன் பெட்டித் தெர்மாகோலை வெட்டி எழுத்து செய்யலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது உதிர்ந்து முத்து முத்தாக வாய்க்குள் போகும், வேண்டாம். நரம்பு வலைத் (நைலான் இழை வலை) துண்டும் வேண்டாம், விரலை அறுத்துவிடும். பழைய வலையில் தூண்டில் முள் மாட்டியிருப்பது நம் ஊரில் புதிதல்ல.

2. அளவு பார்ப்பது

பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில் ஒரு சிறிய உருளை வைத்திருப்பார்கள். அதன் குறுக்களவு 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்கும் எதையும் 3 வயது ஆகாத பிள்ளையிடம் கொடுக்கக் கூடாது. வீட்டில் இதற்குக் கருவி தேவையில்லை. தண்ணீர் பாட்டில் மூடியும் அதைவிடச் சிறியதும் 3 வயதுக்குக் கீழ் ஆகாது என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு சரியாக வரும்.

உங்கள் பிள்ளைக்கு 5 வயது ஆகியிருக்கலாம். ஆனால் தவழ்கிற தம்பியோ தங்கையோ அதே பாயில்தானே இருக்கிறது? அப்படியென்றால் கொட்டை விளையாட்டை அந்தக் குழந்தை தூங்கும் நேரத்துக்குத் தள்ளுங்கள், அல்லது கட்டில் மேல் வையுங்கள். தொடங்கும்போது எண்ணிக் கொடுத்து, முடியும்போது எண்ணி வாங்குங்கள். அதுவே ஒரு எண்ணல் பயிற்சியாகிவிடும்.

4 வயதுப் பிள்ளை வாயில் மட்டுமல்ல, மூக்கிலும் போடும். பயறு, கொண்டைக்கடலை மாதிரியானவை மூக்கு ஈரத்தில் ஊறிப் பெருத்துவிடும். ஊக்கு, ஈர்க்கு வைத்து நோண்டாதீர்கள், அது இன்னும் உள்ளே போகும். நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

3. கழுவிக் காயவைப்பது

சிப்பியைச் சமையலுக்குப் பயன்படாத பழைய பாத்திரத்தில் போட்டு 10 நிமிடம் கொதிக்க வையுங்கள். பிறகு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து ஒரு நாள் முழு வெயிலில் போடுங்கள். காய்ந்த பிறகும் நாற்றம் அடித்தால் உள்ளே ஏதோ ஒட்டியிருக்கிறது, தூக்கிப் போடுங்கள். விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, கூர் இருந்தால் உப்புத்தாளில் நாலு இழுப்பு இழுங்கள். கோயில் பக்கத்துக் கடைகளில் விற்கும் பெயின்ட் அடித்த சிப்பி அலமாரிக்குச் சரி, பிள்ளை கைக்கு வேண்டாம்.

கடல் மணலை அப்படியே தட்டில் கொட்டினால் இரண்டு நாளில் ஈரம் வாங்கிக் கட்டிதட்டிவிடும். உப்புதான் காரணம். நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலச வேண்டும். குடம் குடமாகத் தண்ணீர் சுமக்கும் ஊரில் இதற்குத் தண்ணீரைச் செலவழிக்க மனம் வராது என்பது எனக்கும் தெரியும். மழை பெய்யும்போது கூரையிலிருந்து ஒழுகும் தண்ணீரில் ஒரு வாளி மணலை அலசி வைத்துக்கொண்டால் ஒரு வருடத்துக்குக் காணும். அலசிய தண்ணீரை முருங்கைக்கு ஊற்றிவிடாதீர்கள். மணலை அலை ஏறி இறங்கும் இடத்திலிருந்து எடுங்கள். மேட்டு மணல் நாயும் பூனையும் புழங்கும் இடம்.

4. செலவும் நேரமும்

உப்புத்தாள் ஒரு தாள் 20 ரூபாய், பசை 20, ஸ்கெட்ச் பேனா ஒரு பெட்டி 40 முதல் 50, சாக்பீஸ் ஒரு பெட்டி, மூடி இறுகப் பிடிக்கும் டப்பா இரண்டு. எல்லாம் சேர்த்து 200 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஊருக்கு ஊர் அஞ்சு பத்து வித்தியாசம் இருக்கும். கல்யாணப் பத்திரிகை, தினசரி காலண்டர் தாள், சிப்பி, புளியங்கொட்டை எல்லாம் சும்மா கிடைப்பவை. இதற்கு மேல் செலவு வந்தால் எங்கோ தேவையில்லாததை வாங்குகிறீர்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, 3 வயதுப் பிள்ளைக்கு ஒரு விளையாட்டு 5 முதல் 10 நிமிடம். 5 வயதுக்கு 15 நிமிடம், நன்றாக ஒட்டிக்கொண்டால் 20. அதற்கு மேல் இழுக்க வேண்டாம். பிள்ளை "இன்னொரு தடவை" என்று கேட்கும்போதே எடுத்து வைத்துவிடுங்கள். சலித்த பிறகு நிறுத்தினால் மறுநாள் டப்பாவைப் பார்த்ததும் ஓடிவிடும்.

வெளியில் என்றால் காலை 8 மணிக்குள், அல்லது சாயங்காலம் நாலரைக்கு மேல். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சாயங்காலம் மதரஸாவுக்கு ஓதப் போகும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்குக் காலை வசதி. கச்சான் காற்று (மேல்காற்று) அடிக்கும் மாதங்களில் மணல் விளையாட்டை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கண்ணில் போகும். அலை ஓரத்தில் எந்த விளையாட்டும் வேண்டாம். நாம் போனைப் பார்க்கும் அந்த ஒரு நிமிடம் போதும். சொறி (ஜெல்லிமீன்) ஒதுங்கும் நாட்களில் கரை மணலிலேயே அது கிடக்கும், செத்த பிறகும் பட்டால் எரியும்.

அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிறவர்கள் வீட்டில் இருப்பார்கள், பள்ளி விடுமுறையும் அதில்தான் வரும். வலை பின்னுவது, படகு பழுது பார்ப்பது என்று வேலை இருக்கத்தான் செய்யும். ஆனாலும் 7-ஆம் படியில் வரும் ஏல விளையாட்டை அந்த மாதங்களுக்கு என்றே ஒதுக்கி வையுங்கள். அப்பா ஏலம் கூறுகிற மாதிரி அம்மாவால் கூற முடியாது.

5. முதல் விளையாட்டு காதுக்கு

எழுத்து அட்டையை எடுக்கும் முன் ஒலி விளையாட்டை ஆடுங்கள். பொருள் எதுவும் வேண்டாம், செலவு இல்லை, சமைத்துக்கொண்டே ஆடலாம். சொல் எந்த ஒலியில் தொடங்குகிறது என்று காது பிடிக்கப் பழகிய பிள்ளைக்கு எழுத்து பிறகு சட்டென்று ஏறும். இதைப் பலரும் விட்டுவிட்டு நேரே அ, ஆ-வுக்குப் போய்விடுகிறார்கள்.

நீங்கள் இப்படித் தொடங்குங்கள்: "வலை போட்டேன், வலை போட்டேன், 'ந' மாட்டிக்கிச்சு. என்ன அது?"

"நண்டு!"

"இன்னொண்ணு?"

"நகரை!"

'க' என்றால் கணவாய், காரல், கெளுத்தி. 'ச' என்றால் சாளை, சீலா, சங்கு. 'வ' என்றால் வாளை, விளமீன். மீன் தீர்ந்ததும் வீட்டுச் சாமானுக்கு வாருங்கள், பிறகு சொந்தக்காரர் பெயருக்கு. 'ந'-வுக்கு நெத்திலி சொன்னால் சரியா என்று கேட்பீர்கள். 3 வயதில் சரிதான், ஏற்றுக்கொள்ளுங்கள். 5 வயதில் ந, நா, நி, நெ என்று பிரித்து ஆடலாம். 'நாய்' என்று சொல்லிவிட்டு, வலையில் நாய் எப்படி மாட்டும் என்று பிள்ளையே உருண்டு சிரிக்கும். சிரிக்க விடுங்கள், ஒலி சரியாக வந்துவிட்டதல்லவா?

நம் ஆட்கள் விளையாட்டைக் கெடுப்பதும் இந்த இடத்தில்தான். "இது என்ன? அது என்ன? மாமாவுக்குச் சொல்லிக் காட்டு" என்று வந்தவர் போனவர் முன்னால் பரீட்சை வைத்தால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். ஒரு முறை நீங்கள் வலை போட்டால், அடுத்த முறை பிள்ளை போடட்டும். நீங்கள் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுங்கள், பிள்ளை திருத்தட்டும். ஐந்து கேள்வி கேட்பதைவிட அந்தத் திருத்தம் அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

இன்னொன்று. இந்த விளையாட்டில் பிள்ளை திரும்பத் திரும்பச் சொற்களை மாற்றிக் கேட்கிறது, பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று தெரிந்தால், "விளையாட்டுப் புத்தி" என்று விட்டுவிடாதீர்கள். அரசு மருத்துவமனையில் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது தடுப்பூசி அட்டை, பிறந்தபோது மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு, ஆதார் நகல் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். எடை எவ்வளவு, பிறந்ததும் மஞ்சள் காமாலை இருந்ததா என்றெல்லாம் கேட்பார்கள். சீட்டு கையில் இருந்தால் திரும்ப அலைய வேண்டியிருக்காது.

6. மணல் தட்டும் உப்புத்தாள் எழுத்தும்

அகலமான எவர்சில்வர் தாம்பாளத்தில் அலசிக் காய்ந்த மணலை மெல்லப் பரப்புங்கள். கால் விரற்கடைக்கு மேல் கனம் வேண்டாம். விரலால் கோடு இழுத்தால் அடியில் தட்டு பளிச்சென்று தெரிய வேண்டும், கனமாக இருந்தால் கோடு மூடிக்கொள்ளும். தட்டை லேசாகக் குலுக்கினால் எழுத்து அழிந்துவிடும். பிள்ளைக்கு எழுதுவதைவிட அழிப்பதில்தான் ஆசை, இருக்கட்டும்.

'அ'-வில் தொடங்காதீர்கள். சுழியும் வளைவுமாகச் சின்னக் கைக்கு அது கடினம். ட, ப போன்ற நேர்க்கோட்டு எழுத்தில் தொடங்கி, ம, ய-வுக்கு வந்து, பிறகு வளைவுக்குப் போங்கள். 'ட' எழுத எளிது, ஆனால் அதில் தொடங்கும் தமிழ்ச் சொல் கிடையாது. அதனால் கைப்பழக்கத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, சொல்லோடு சேர்த்துப் பழக 'ப'-வை எடுங்கள். தமிழில் 247 எழுத்து. 5 வயதுக்குள் அத்தனையும் வர வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. வாரத்துக்கு இரண்டு போதும்.

உப்புத்தாளில் எழுத்தைப் பெரிதாக வரைந்து வெட்டி, கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் ஒட்டுங்கள். உள்ளங்கை அகலம் இருக்க வேண்டும். மிருதுவான ரகம் கேட்டு வாங்குங்கள், மரவேலைக்கான சொரசொரப்புத் தாள் விரலை உரசிவிடும். பிள்ளை எழுதும் திசையிலேயே விரலை ஓட்டிவிட்டு, உடனே மணலில் எழுத வேண்டும். வெட்டும்போது தாளின் பின்பக்கம் வரைவதால் எழுத்து இடவலமாக மாறிவிடும். கவனமாகத் திருப்பி வரையுங்கள்.

7. கூறு போடுவதும் ஏலம் விடுவதும்

என்னைக் கேட்டால் இந்தப் பட்டியலில் நம் கடற்கரைக்கே உரிய விளையாட்டு இதுதான். மீன் கூடைக்கார அம்மா சங்காயத்தையும் (கலந்து கிடக்கும் பொடிமீன்) காரலையும் கூறு கட்டி வைப்பதைப் பிள்ளை தினமும் பார்க்கிறது. அந்தக் கூறுதான் வகுத்தல். பள்ளியில் மூன்றாம் வகுப்பில் பயமுறுத்தும் கணக்கை 5 வயதில் சிரித்துக்கொண்டே போட்டுவிடலாம்.

பத்திரிகை அட்டையில் மீன் வடிவம் 12 வெட்டுங்கள். வெட்டச் சோம்பலாக இருந்தால் 12 சிப்பியே போதும். ஒரு வாழை இலையோ பழைய சாக்கோ விரித்து, "ரெண்டு கூறு போடு" என்று சொல்லுங்கள். 3 வயதுப் பிள்ளை ஒன்றில் எட்டும் மற்றதில் நாலும் போடும். திருத்தாதீர்கள். "நான் இதை எடுத்துக்கறேன்" என்று பெரிய கூறைக் கையில் எடுங்கள். உடனே சண்டை வரும். சண்டை வந்ததும் "அப்போ எப்படிப் போட்டா சமமா வரும்?" என்று கேட்டால், ஒவ்வொன்றாக இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று அதுவே போடத் தொடங்கும். அந்த 'இங்கே ஒன்று, அங்கே ஒன்று' வந்துவிட்டால் பாதிக் கணக்கு வந்துவிட்டது.

இரண்டு கூறு பழகியதும் மூன்று, பிறகு நாலு. 12-ஐ எடுத்ததே இதற்காகத்தான். 2, 3, 4, 6 எல்லாவற்றிலும் மிச்சமில்லாமல் போகும். நன்றாக வந்த பிறகு 13 கொடுங்கள். ஒன்று மிஞ்சும். மிஞ்சியது யாருக்கு? பூனைக்கு என்று ஒரு பிள்ளை சொல்லும், அம்மாவுக்கு என்று இன்னொன்று சொல்லும். மீதி என்ற சொல்லை அப்போது காதில் போட்டு வையுங்கள்.

ஏலம் 5 வயதுக்கு மேல். ஒரு கூறை நடுவில் வைத்து, பத்து ரூபாயில் தொடங்கிப் பத்துப் பத்தாக ஏற்ற வேண்டும். "பத்து… இருபது… முப்பது…" அப்பா ஒரு தடவை கரையில் கூறுகிற அதே ராகத்தில் கூறிக் காட்டினால் போதும், பிள்ளை மறுநாள் குளிக்கும்போதும் கூறிக்கொண்டிருக்கும். எண்பதுக்குப் பிறகு தொண்ணூறா நூறா என்று எல்லாப் பிள்ளையும் தடுமாறும். அங்கே மட்டும் மெதுவாக இரண்டு தடவை கூறுங்கள். பணத்தைப் பத்திரிகை அட்டையில் 10 ரூபாய், 20 ரூபாய் என்று எழுதி வெட்டிக்கொள்ளுங்கள். உண்மையான நாணயம் வாய்க்குள் போகும் அளவுதான். 50 ரூபாய்க்கு ஏலம் எடுத்தால் பத்து ரூபாய்த் தாள் ஐந்தை எண்ணிக் கொடுக்க வேண்டும். கடன் சொல்லக் கூடாது என்று விதி வையுங்கள். இல்லையென்றால் பார்த்த பழக்கத்தில் அதையும் சொல்லும்.

8. குழியும் புளியங்கொட்டையும்

பல்லாங்குழிப் பலகை தேவையில்லை. முற்றத்து மணலில் ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் மூன்று குழி. முழுப் பலகையின் 14 குழி சின்னப் பிள்ளைக்கு அதிகம். குழிக்கு மூன்று கொட்டை. ஒரு குழியை அள்ளி அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போடுவது மட்டும்தான் 4 வயதுக்கான ஆட்டம். சொல்லும் எண்ணும் கைப்போக்கும் ஒன்றாக ஓடுகிறதா என்று பாருங்கள். சில பிள்ளைகள் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று வாய் வேகமாக ஓட, கை பின்தங்கும். அப்போது எண்ணாமல் போடச் சொல்லுங்கள், சில நாளில் சேர்ந்துகொள்ளும். ஒரு குழியில் நாலு கொட்டை சேர்ந்தால் அதைப் பசு என்று சொல்லி எடுத்துக்கொள்வது அடுத்த கட்டம்.

பகடைக்கு நாலு புளியங்கொட்டையை எடுத்து, சொரசொரப்பான சிமென்ட் தரையில் ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரியும்வரை உரசுங்கள். உரச உரசச் சூடேறும், அதைத் தம்பி கையில் வைத்துச் சுடுகிற வேலையும் கூடவே நடக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். குலுக்கிப் போட்டு, எத்தனை வெள்ளை என்று எண்ண வேண்டும். நாலும் கறுப்பாக விழுந்தால் பெரியவர்கள் ஆட்டத்தில் பெரிய எண் கொடுப்பார்கள். சின்னவர்களுக்கு அதைப் பூஜ்யம் என்றே வையுங்கள். ஒன்றும் இல்லாததற்கும் ஒரு எண் உண்டு என்பதைப் பிள்ளைக்குக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. தரையில் சாக்பீஸால் 20 கட்டம் போட்டு, ஒரு சிப்பியைக் காயாக நகர்த்தலாம்.

9. காலண்டர் அட்டை

தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளை ஒரு மாதம் சேர்த்தால் 1 முதல் 31 வரை பெரிய எண்கள் கையில். கடையில் அச்சிட்ட எண் அட்டை வாங்கத் தேவையே இல்லை. ஆனால் ஞாயிறும் விடுமுறையும் சிவப்பில் இருக்கும். பிள்ளை எண்ணைப் பார்க்காமல் நிறத்தைப் பார்த்தே அடையாளம் பிடித்துவிடும். அந்தத் தேதிகளை மட்டும் அடுத்த மாதத் தாளிலிருந்து கறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் சின்ன எழுத்தில் தமிழ்த் தேதியும் ஹிஜ்ரி தேதியும் இருக்கும். பெரிய எண்ணை மட்டும் வெட்டி, பத்திரிகை அட்டையில் ஒட்டுங்கள்.

பத்திரிகையில் பிள்ளையார், சிலுவை, 786 இருக்கும் பகுதியை வெட்டி உருப்படியாக ஓரிடத்தில் வைத்துவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் கண்ணில் அது குப்பையில் பட்டால் மொத்த விளையாட்டுக்கும் தடை விழும்.

ஜோடி சேர்க்கும் ஆட்டம் தெரிந்ததுதான். கவிழ்த்து வைத்து இரண்டிரண்டாகத் திறப்பது. 4 ஜோடியில் தொடங்குங்கள். முதல் நாளே 10 ஜோடி பரப்பினால் அழுகையில் முடியும்.

10. ஓலைக் காத்தாடி

நம் மாவட்டத்தில் பனை ஓலைக்கா பஞ்சம்? வீட்டில் பெரியவர் யாராவது இருந்தால் ஒரு நிமிடத்தில் மடித்துக் கொடுத்துவிடுவார்கள். நடுவில் குத்தக் கருவேல முள் வழக்கம். சின்னப் பிள்ளைக்கு முள் வேண்டாம், தென்னை ஈர்க்கு வைத்து நுனியை மடித்துவிடுங்கள். ஓலை விளிம்பும் அறுக்கும், இரு பக்கமும் ஒரு நூல் அளவு சீவிவிடுங்கள்.

காத்தாடியைப் பிடித்துக்கொண்டு எந்தப் பக்கம் திரும்பினால் சுற்றுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பாம்பன், மண்டபம் பக்கம் இருப்பவர்களுக்கு இது இன்னும் வசதி. வடகடல் ஒரு பக்கம், தென்கடல் ஒரு பக்கம் இருப்பதால் திசை சொல்லிக்கொடுக்கப் படம் வரைய வேண்டியதில்லை. வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றின் பெயரையும் சொல்லிவிடுங்கள்.

11. அடுத்த வீட்டுப் பிள்ளைகளும் வந்தால்

வருவார்கள். இரண்டு மூன்று பேர் என்றால் ஒன்றும் வேண்டாம், அம்மாக்களிடம் வாய்வார்த்தை போதும். ஐந்தாறு பேர் தினமும் வரத் தொடங்கினால் சில தாள்களைத் தயார் செய்துகொள்ளுங்கள். தெரிந்தவர்கள்தானே என்று விட்டால் பிறகு மனத்தாங்கலில் முடியும்.

ஒரு நோட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம். பெயர், பிறந்த தேதி, பெற்றோர் இருவர் போன் எண், யார் வந்து கூட்டிப்போவார்கள், எந்த உணவு ஒத்துக்கொள்ளாது, வலிப்பு, மூச்சிரைப்பு மாதிரி ஏதாவது உண்டா, கடைசியில் பெற்றோர் கையெழுத்து. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடலாமா கூடாதா என்று தனியாக ஒரு வரி கேட்டு எழுதி வாங்குங்கள். சில வீடுகளில் வேண்டாம் என்பார்கள், மதியுங்கள். ஆதார் நகல், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் நீங்கள் வாங்கி வைக்கத் தேவையில்லை. தொலைந்தால் உங்களுக்குத்தான் தலைவலி.

ஊர்ப் பொதுக் கட்டடம், ஜமாத் மண்டபம், கோயில் திண்ணை, சர்ச் வளாகம் எதுவானாலும் நிர்வாகியிடம் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பிள்ளைகள், யார் பொறுப்பு என்று எழுதி, நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். திருவிழா, நோன்பு நேரங்களில் இடம் கிடைக்காது, அதையும் முன்பே பேசிவிடுங்கள்.

அங்கன்வாடி நேரத்தில் வைக்காதீர்கள். பிள்ளை அங்கே போவது நின்றுவிட்டால் சத்துமாவு, எடை பார்ப்பது எல்லாம் தடைப்படும். அங்கன்வாடி ஊழியரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் அவரே பாட்டும் ஆட்டமும் சொல்லித் தருவார். மாதாமாதம் கட்டணம் வாங்கி நடத்தும் எண்ணம் இருந்தால் அது விளையாட்டுப் பள்ளி கணக்கில் வந்துவிடும். அதற்கு அரசு அனுமதி, கட்டடம், பாதுகாப்பு என்று விதிகள் தனி. முதலில் கல்வி அலுவலகத்தில் விசாரித்துவிட்டுத்தான் காசு வாங்க வேண்டும்.

108 எண்ணை நோட்டின் அட்டையிலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.

12. மழைக்கு முன் ஒரு தடவை

ஐப்பசி பிறப்பதற்குள் டப்பாக்களைத் திறந்து பாருங்கள். ஓலைப் பொருட்களில் பூஞ்சை பிடித்திருந்தால் அடுப்பில் போடுங்கள், ஓலை புதிதாகக் கிடைக்கும். புளியங்கொட்டையில் வண்டு ஓட்டை போட்டிருந்தால் மொத்தத்தையும் மாற்றுங்கள். உப்புத்தாள் எழுத்துகளுக்கு இடையில் செய்தித்தாள் வைத்து அடுக்கினால் ஒட்டிக்கொள்ளாது. மணல் டப்பாவில் துணியில் கட்டிய ஒரு பிடி அரிசி போட்டு வைத்தால் ஈரம் கொஞ்சம் குறையும். அலசி வைத்த மணல் தீர்ந்திருந்தால், முதல் மழையில் வாளியை வெளியே வைக்க மறக்காதீர்கள்.